கோழிக் கொட்டகையில் விளக்குப் போடும் முன்

நூறு கோழிக்குக் கொட்டகை போடுகிறவர்கள் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் போடுகிற கணக்கை வெளிச்சத்துக்குப் போடுவதில்லை. கையில் கிடைத்த பல்பை நடுவில் தொங்கவிட்டு, நமக்குக் கண் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு கோழி மூலையில் முட்டையிடுகிறது, அடையும் கம்பிலிருந்து விழுந்து நெஞ்செலும்பை உடைத்துக்கொள்கிறது, ஒன்றையொன்று கொத்திக்கொள்கிறது. இவற்றில் பாதிக்காவது வெளிச்சத்தில் ஒரு காரணம் இருக்கும். கோழியின் கண் நம் கண்ணைப் போன்றதல்ல. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அதன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்துத்தான் விளக்கு போட வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சூழலில் 50 முதல் 500 வரை நாட்டுக்கோழியோ முட்டைக்கோழியோ ஆழ்கூளத்தில் (தரையில் உமி போன்ற கூளத்தைக் கனமாகப் பரப்பி) வளர்ப்பவர்களுக்கு. நாமக்கல் கூண்டுப் பண்ணைகளுக்கும் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் கண் சமாச்சாரம் ஒன்றுதான், அளவுகள்தான் மாறும்.

கண் எப்படிப்பட்டது

நம் விழித்திரையில் நிறத்தைப் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. கோழிக்கு நான்கு: ஊதா, நீலம், பச்சை, சிவப்பு. அவை ஏறக்குறைய 415, 455, 508, 571 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் கொள்கின்றன. அசைவைப் பிடிக்க இரட்டைக் கூம்பு என்று தனியாக ஒன்றும் உண்டு. பெரும்பாலான கூம்புகளின் முன்னால் ஒரு துளி நிற எண்ணெய் வடிகட்டியாக நிற்கிறது. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியின் ஒரு பகுதியும் கோழியின் கண்ணுக்குள் போகிறது. நமக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு பெட்டைகளின் இறகு அவற்றுக்கு வேறு வேறாகத் தெரியலாம்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் 300 பாகைக்கு மேல் தெரியும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பது முன்னால் 30 பாகைக்குள்தான். கண்ணை அதிகம் உருட்ட முடியாததால் தலையைத்தான் திருப்புகிறது. இரையைக் கொத்தும்போது பெரும்பாலும் வலக்கண், மேலே பருந்து சுற்றுகிறதா என்று பார்க்க இடக்கண். ஒரு கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். நீங்களும் அண்ணாந்து பாருங்கள். கழன்று ஆடும் தகர ஓரமாக இருக்கும், இல்லையென்றால் பாம்பு.

கூர்மையில் கோழி நம்மைவிட வெகுவாகக் குறைவு. தன் கூட்டத்துக் கோழியையே ஓரடி நெருக்கத்தில் வந்துதான் முகத்தையும் கொண்டையையும் பார்த்து அடையாளம் காண்கிறது. இருட்டில் இன்னும் மோசம். கூம்புகள் மிகுந்த விழித்திரை என்பதால் அந்திக்குப் பிறகு அதற்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் அவசர அவசரமாகக் கம்பில் ஏறுவது அதனால்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையின் அடிப்பகுதியிலேயே ஒளியை உணரும் செல்கள் கோழிக்கு உண்டு. மண்டையோட்டை ஊடுருவி வரும் வெளிச்சம், அதிலும் நன்றாக ஊடுருவும் சிவப்பு ஒளி, அவற்றைத் தொட்டு முட்டையிடும் சுரப்பிகளைத் தூண்டுகிறது. ஆக, நீங்கள் மாட்டும் ஒரு பல்பு கண்ணுக்கும் சினைப்பைக்கும் சேர்த்தே வேலை செய்கிறது.

முதலில் அளந்து பாருங்கள்

கைபேசியில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் லக்ஸ் மீட்டர் இன்னும் நம்பகமானது. கைபேசியில் ஒளி உணரி முன்பக்கம், மேல் ஓரத்தில் இருக்கும். அதை விரல் மறைக்கக் கூடாது.

இரவில் எல்லா விளக்கையும் எரியவிட்டு, குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில் (பெரிய கோழிக்கு 30 முதல் 40 செ.மீ., குஞ்சுக்கு 10 செ.மீ.) அளவு எடுங்கள். பல்புக்கு நேர் கீழே, இரண்டு பல்புக்கு நடுவே, நான்கு மூலை, தீவனத் தட்டு, தண்ணீர்க் குடுவை, அடையும் கம்பு, முட்டைப் பெட்டியின் உள்ளே என்று ஒவ்வோர் இடத்திலும் பார்த்து ஒரு தாளில் கொட்டகையின் படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நின்றபடி அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும், அது உங்கள் மார்புக்குக் கிடைக்கும் வெளிச்சம்.

முட்டையிடும் கோழிக்குத் தீவனம், தண்ணீர் இருக்கும் இடத்தில் 15 முதல் 20 லக்ஸ் வேண்டும். குந்திய நிலையில் செய்தித்தாள் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் ஏறக்குறைய அந்த அளவு இருக்கிறது எனக் கொள்ளலாம். மூலைகளில் 8க்குக் கீழே இறங்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் கறிக்கோழிக்கு வகுத்த விதியில், பயன்படும் தரைப் பரப்பில் 80 விழுக்காட்டிலாவது கோழியின் கண் உயரத்தில் 20 லக்ஸ் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நமக்கு அந்த விதி கட்டாயமில்லை. ஆனால் கண் எல்லா ஊர்க் கோழிக்கும் ஒரே கண்தான்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு வகுத்த அளவு என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளை எல்இடியில் நீலம் மிகுந்திருக்கும். அதே 20 லக்ஸ் காட்டும் மஞ்சள் பல்பைவிட அது கோழிக்கு அதிகப் பிரகாசமாகத் தெரியும். பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டுப் பளீர் வெள்ளை எல்இடி மாட்டியதும் கோழிகள் பரபரப்பாகிக் கொத்தத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

எந்த விளக்கு

முட்டைக் கோழிக்கு 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிற அளவு) வரையிலான இளமஞ்சள் எல்இடி வாங்குங்கள். சிவப்பு அலைநீளமும் அதில் போதிய அளவு இருக்கும். குஞ்சுகளுக்கு 4000க்கு மேற்பட்ட வெள்ளை சரிவரும்.

சிமிட்டல்தான் பலர் கவனிக்காத விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். நமக்கு 50, 60க்கு மேல் அது தெரியாது, தொடர்ந்து எரிவதாகவே படும். கோழிகளைப் பழக்கிச் செய்த சோதனைகளில் பிரகாசமான வெளிச்சத்தில் அவை 80, 90 ஹெர்ட்ஸ் வரை சிமிட்டலைப் பிரித்தறிந்திருக்கின்றன. விழித்திரையின் மின்துடிப்பை அளந்து பார்த்தால் 100க்கு மேலும் எதிர்வினை தெரிகிறது. நல்ல நிலையில் உள்ள டியூப் லைட் அதற்குப் பெரும்பாலும் தொல்லை தராது. ஓரம் கறுத்துப்போன பழைய டியூப் அப்படியல்ல. அதன் இரண்டு முனையும் சமமாக எரியாததால் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு கலந்துவிடும், கோழிக்கு அது தெளிவாகத் தெரியும். முனை கறுத்த டியூபை அன்றைக்கே மாற்றுங்கள். முடிந்தால் சோக்கையே எடுத்துவிட்டு மின்னணு சோக் போடுங்கள்.

எல்இடியில் மிக மலிவான சரக்குகளில் டிரைவர் (மின்னோட்டத்தைச் சீராக்கும் உட்சுற்று) பெரும்பாலும் சரியாக இருக்காது, அவையும் 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். கண்டுபிடிப்பது எளிது. கைபேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். எரியும் பல்பு படத்தில் மங்கி மங்கி வந்தால் வேண்டாம். கைபேசி இல்லையென்றால், அந்த விளக்கு மட்டும் எரியும்போது ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். வழவழவென்று ஒரே பட்டையாகத் தெரிந்தால் நல்ல விளக்கு, பத்துப் பென்சில் தனித்தனியாகத் தெரிந்தால் சிமிட்டுகிறது. வெளிச்சத்தைக் குறைக்க மின்விசிறி ரெகுலேட்டரில் எல்இடியை இணைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சாதாரண எல்இடிக்கு அது ஒத்துவராது, சிமிட்டலை உண்டாக்கிப் பல்பையும் சீக்கிரம் கெடுக்கும். குறைந்த வெளிச்சம் வேண்டுமென்றால் குறைந்த வாட் பல்பைத் தனிச் சுவிட்சில் போடுங்கள்.

மாட்டும் இடம்

20 அடிக்கு 10 அடி கொட்டகையை எடுத்துக்கொள்வோம். கோழிக்கு 2 சதுர அடி வீதம் நூறு கோழிக்கு அது சரியாக இருக்கும். நடுவில் ஒரு 9 வாட் பல்பு போட்டால் நேர் கீழே கண் கூசும், மூலைகள் இருண்டிருக்கும். அதற்குப் பதில் இரண்டு 5 வாட் எல்இடியைத் தரையிலிருந்து ஏழடி உயரத்தில், இரு கோடியிலிருந்தும் ஐந்தடி உள்ளே, ஒன்றுக்கொன்று பத்தடி இடைவெளியில் மாட்டுங்கள். பல்பு தொங்கும் உயரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி போகக் கூடாது என்பது பழைய கணக்கு, இன்றும் அது பொய்ப்பதில்லை. இப்படிப் போட்டால் நடுவில் 20 லக்ஸுக்குச் சற்று மேலும் மூலையில் பத்தை ஒட்டியும் வரும். சுவருக்கும் கூரை உட்புறத்துக்கும் வெள்ளையடித்திருந்தால் மூலை இன்னும் தெளியும். மூலை அளவு குறைந்தால் 7 வாட்டுக்கு மாறுங்கள்.

மின்விசிறி இருந்தால் பல்பு அதன் இறக்கைக்குக் கீழே இருக்கட்டும். இறக்கைக்கு மேலே பல்பு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நிழல் தரையில் வெட்டி வெட்டிப் போகும். மேலிருந்து வரும் நிழலுக்கு அஞ்சுவது கோழியின் பிறவிக் குணம். விசிறியைப் போட்டதும் அந்த இடத்தைவிட்டு எல்லாம் ஓரமாக ஒதுங்கினால் விளக்கைத்தான் முதலில் பாருங்கள்.

நம் ஊரில் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் போடுவது வெயில் உள்ளே விழாமலிருக்க. அப்படியும் கூரைத் தகட்டில் ஓட்டை இருந்தாலோ படுதா கிழிந்திருந்தாலோ ஒரு வெயில் பட்டை கூளத்தில் விழும். கோழிகள் அதைத் தேடிப்போய் அதில் குவியும். குஞ்சுப் பருவத்தில் அடியில் மாட்டிய குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். பெரிய கோழிகள் அந்தப் பிரகாசத்தில் ஒன்றின் இறகு நுனியை மற்றொன்று கொத்தத் தொடங்கும். காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒருமுறை உள்ளே நின்று தரையைப் பார்த்தால் ஓட்டைகள் தெரிந்துவிடும். அந்த வேளைகளில் ஒருபக்கப் படுதாவை மட்டும் இறக்கிவிட்டால் போதும். நாள் முழுக்க இரண்டு பக்கமும் மூடிவைப்பது தவறு. கம்பிவலை வழியாக வரும் பகல் வெளிச்சத்தில் புற ஊதாவும் சேர்ந்து வருகிறது. பாலிகார்பனேட் தகடு அதைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். சாதாரண எல்இடியால் தர முடியாத வெளிச்சம் நம் திறந்த கொட்டகைக்குச் சும்மா கிடைக்கிறது.

முட்டைப் பெட்டியின் உள்ளே 5 லக்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். முன்னால் கோணித்துணித் திரையைப் பாதி மறைவாகத் தொங்கவிடுங்கள். நுழைவாயில் மட்டும் தெரிய வேண்டும், முழு இருட்டாக இருந்தால் ஏறத் தயங்கும். தரையில் முட்டை கிடந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மீட்டரை வைத்துப் பாருங்கள். தீவனத் தொட்டியின் நிழல், சுவரோர மூலை என்று சுற்றுப்புறத்தைவிட இருண்ட இடமாகவே அது பெரும்பாலும் இருக்கும். அங்கே ஒரு 3 வாட் பல்பு போட்டால், குச்சி வைத்து விரட்டுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

அடையும் கம்புகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், அல்லது உரித்த வெளிறிய மரத்தையே வையுங்கள். கறுத்த கூளத்தின் பின்னணியில் கறுத்த கம்பு மங்கிய வெளிச்சத்தில் தெரியாது. கோழி தூரத்தைத் தப்பாகக் கணித்துத் தாவி, நெஞ்செலும்பு கம்பின் விளிம்பில் இடிக்கும். கம்புக்குக் கம்பு 75 செ.மீ.க்குள்ளும், ஏறும் சாய்வு 45 பாகைக்குள்ளும் இருக்கட்டும். வெளிச்சம் 1 லக்ஸுக்குக் கீழே போனால் தாவத் தயங்கும், தாவினால் தவறும்.

எத்தனை மணி நேரம்

நாமக்கல் அட்சரேகையில் டிசம்பரில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம், ஜூனில் பன்னிரண்டே முக்கால். முட்டையிடும் கோழிக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். வித்தியாசத்தை விளக்கால் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டு விதி. வளரும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் கூட்டாதீர்கள், உடல் முதிரும் முன் முட்டையிடத் தொடங்கிச் சின்ன முட்டையும் முட்டைக்குழாய் வெளித்தள்ளலும் வரும். முட்டையிடும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் குறைக்காதீர்கள், இறகு உதிர்த்து முட்டை நின்றுபோகும். 18 முதல் 20 வாரத்தில், உடல் எடை வந்த பிறகு, வாரத்துக்கு அரை மணி நேரம் வீதம் கூட்டி 16இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் போட்டால் மின்கட்டணம்தான் கூடும்.

டைமர் ஒன்று வாங்கி இப்படி அமைக்கலாம்: அதிகாலை 3 மணிக்கு எரியத் தொடங்கி 6.45க்கு அணையும், மாலை 5.30க்கு எரிந்து 7 மணிக்கு அணையும். இதனால் டிசம்பருக்கும் ஜூனுக்கும் நாள் நீளம் மாறாது. பெரும்பகுதியைக் காலையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இரவு 9 மணி வரை விளக்கு எரிந்து பட்டென்று அணைந்தால், தரையில் நிற்கும் கோழி நின்ற இடத்திலேயே குருடாகிவிடும். கம்பு இருக்கும் திசை தெரியாது. அங்கேயே கும்பலாக உட்கார்ந்து மூலையில் நெரியும்.

அதனால் அந்தியையும் நாமே உண்டாக்க வேண்டும். 7 மணிக்குப் பெரிய பல்புகள் அணையும்போது, அடையும் கம்புக்கு மேலே அரை வாட் அல்லது 1 வாட் சின்ன பல்பு ஒன்று மட்டும் 7.20 வரை எரியட்டும். வெளிச்சம் இருக்கும் பக்கமே கோழி நகரும் என்பதால் எல்லாம் கம்பை நோக்கிப் போகும். இதற்கு இரண்டாவது டைமர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் 7.20க்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். இன்னும் தரையில் பத்துக்கு மேல் நின்றால் நேரத்தை 10 நிமிடம் நீட்டுங்கள்.

மாலையில் மின்தடை வரும் ஊர்களில் அந்தச் சின்ன பல்பை மட்டும் பேட்டரியிலோ சின்ன சோலார் தகட்டிலோ இணைத்துவிடுங்கள். மின்தடை வந்து போனால் பழைய டைமர்களில் கடிகாரம் பின்தங்கும். வாரம் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் ஒரு மாதத்தில் கோழியின் விடியல் காலை 6 மணிக்குப் போயிருக்கும், முட்டை ஏன் குறைந்தது என்று தீவனக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இருட்டும் ஒரு தேவை. கறிக்கோழியை 23 மணி நேரம் வெளிச்சத்தில் வைத்தால் அதிகம் தின்னும் என்று பல பண்ணைகளில் விளக்கை அணைப்பதே இல்லை. இரவு பகல் தெரியாத குஞ்சின் கண் அளவுக்கு மீறிப் பெருக்கிறது, விழிவெண்படலம் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) தட்டையாகிறது, உள்ளழுத்தம் ஏறுகிறது. நாளெல்லாம் மிக மங்கிய வெளிச்சத்தில் வளர்த்தாலும் கண் இப்படியே வீங்கும். பகல் பகலாகவும் இரவு இரவாகவும் இருந்தால்தான் கண் சரியாக வளரும். மேலே சொன்ன ஐரோப்பிய விதி கறிக்கோழிக்கு நாளுக்கு 6 மணி நேர இருட்டு, அதில் 4 மணி நேரமாவது இடையறாமல் என்கிறது. முட்டைக் கோழிக்கான இன்னொரு ஐரோப்பிய விதியில் நாளில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8 மணி நேரம். நாய் பயத்துக்காகக் கொட்டகைக்குள் இரவெல்லாம் சீரோ வாட் பல்பு எரியவிடுகிறவர்கள் அந்தப் பல்பை வெளிவாசலில் மாட்டலாம்.

குஞ்சுகளுக்கு

முதல் மூன்று நாள் குஞ்சு தீவனத்தையும் தண்ணீரையும் கண்ணால் தேடிப் பழகுகிறது. 30 முதல் 40 லக்ஸ் இருக்கட்டும். கூளத்தின்மேல் தாளை விரித்து, நொறுக்கிய மக்காச்சோளத்தை அதில் தூவுங்கள். வெளிறிய தாளில் சின்னச் சின்ன உருண்டையாகத் தெரிவதை அது உடனே கொத்தும். பளபளக்கும் நீர்த்துளியும் அப்படியே இழுக்கும். நிப்பிள் (கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய்முனை) இருந்தால் அதன் நுனியில் துளி தொங்கும்படி முதல் நாள் விரலால் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே பல்பை நம்புவதில் இரண்டு சிக்கல். குண்டு பல்பு கிடைக்காமல் அதே வாட் கணக்கில் எல்இடி போட்டுவிட்டுக் குஞ்சுகளைக் குளிரில் சாகவிடுவது ஒன்று. குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கு குண்டு பல்புக்குத்தான், எல்இடியில் சூடு வராது. மற்றொன்று, வெப்பத்துக்காக இரவெல்லாம் பல்பு எரிவதால் குஞ்சு தூங்குவதே இல்லை. தூங்குகிற குஞ்சை விழித்திருக்கும் குஞ்சு கொத்தும், இறகு கொத்தும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தாழ்வாகத் தொங்கவிட்டு அதைச் சுற்றித் துணி மறைப்புக் கட்டினால், தாய்க்கோழியின் சிறகுக்கு அடியில் இருப்பதுபோல் சூடும் இருட்டும் சேர்ந்து கிடைக்கும். இப்படி இருட்டில் கதகதப்புப் பெற்ற குஞ்சுகளிடம் பின்னாளில் இறகு கொத்தல் குறைவு என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மறைப்புக்குள் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டு வாருங்கள். ஹீட்டருக்கும் கூளத்துக்கும் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். துணி ஹீட்டரைத் தொடவே கூடாது. உமி பற்றினால் அணைப்பது கடினம்.

தட்டையும் குடுவையையும் பெரியதாக மாற்றும்போது நிறத்தை மாற்றாதீர்கள். சிவப்புக் குடுவையில் குடித்துப் பழகிய குஞ்சு நீலக் குடுவை முன்னால் தாகத்தோடு நிற்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நான்கு நாள் வைத்துவிட்டுப் பழையதை எடுங்கள்.

கொத்தல் தொடங்கினால்

பொதுவாகச் செய்வது விளக்கை அணைத்துவிடுவது, அல்லது சிவப்பு பல்பு போடுவது. சிவப்பு வெளிச்சத்தில் எல்லாமே சிவப்பாகத் தெரிவதால் ரத்தம் தனித்துத் தெரியாது, அதனால் கொத்தல் தணியும். உண்மைதான். கொத்தலுக்குக் கண்வழியே தீர்வு தேடும் எண்ணம் புதிதுமல்ல. மற்றக் கோழிகள் கண்ணைக் கொத்தாமலிருக்கக் கோழிக்குக் கண்ணாடி மாட்ட 1903இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் சிவப்பு பல்பால் கொத்துவதற்கான காரணம் போகவில்லை, நமக்கு மறைந்துவிட்டது, அவ்வளவுதான். மங்கிய வெளிச்சத்தில் புண்பட்ட கோழி நம் கண்ணிலும் படாது. சிவப்பு பல்பை ரத்தம் வந்த கொட்டகையில் மூன்று நான்கு நாளுக்கு முதலுதவியாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் செய்ய வேண்டியவை: புண்பட்டதைப் பிரித்தெடுத்தல், வெயில் பட்டைகளை அடைத்தல், பளீர் பல்பைக் குறைந்த வாட் இளமஞ்சளுக்கு மாற்றுதல், நெருக்கடியையும் தீவனத்தில் புரதம், உப்பு அளவையும் பார்த்தல், கீரைக்கட்டு ஒன்றைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டு வாய்க்கு வேலை கொடுத்தல். அகத்திக்கீரை இதற்கு நல்லது.

நீல வெளிச்சத்தில் கோழிக்குக் கண் தெரியாது என்று கோழி பிடிக்க வரும் ஆட்கள் சொல்வார்கள். நீலத்துக்கென்றே தனிக் கூம்பு வைத்திருக்கும் பறவை அது. அந்த பல்பு மங்கலாக இருப்பதால்தான் அடங்கி உட்காருகிறது.

ஆள் நடமாட்டம்

உள்ளே போகுமுன் கதவைத் தட்டி ஒரு குரல் கொடுங்கள். தினமும் ஒரே நிற மேல்சட்டையில் போங்கள். புது நிறச் சட்டையும் புதுக் குடையும் கொட்டகையைக் கலைத்துவிடும். கோழிக்கு மேலாகக் குனிந்து கையை நீட்டினால் அது பருந்தின் பாய்ச்சலாகத்தான் படும். குந்தி, பக்கவாட்டிலிருந்து, மெதுவாக இரண்டு கையாலும் சிறகை அணைத்துத் தூக்குங்கள். ஊசி போடுவதையும் விற்பனைக்குப் பிடிப்பதையும் இருட்டிய பின் மங்கிய டார்ச்சில் வைத்துக்கொண்டால் துரத்தல் இருக்காது. டார்ச்சைக் கண்ணில் அடிக்காமல் தரையில் அடியுங்கள்.

புதுக் கோழிகளை இரவில் கம்பில் ஏற்றிவிட்டால் விடிந்ததும் பழகிவிடும் என்பார்கள். விடிந்ததும் அடிதடிதான் நடக்கும், நாம் பார்க்க அங்கே இருக்க மாட்டோம். ஒரு வாரம் கம்பிவலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வையுங்கள். வலையருகே வந்து ஓரடி நெருக்கத்தில் முகம் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு பகலில், நல்ல வெளிச்சத்தில் தடுப்பை எடுங்கள்.

கண்ணையே கெடுப்பவை

ஈரக் கூளத்திலிருந்து வரும் அமோனியாதான் முதல் எதிரி. நின்றுகொண்டு மோந்தால் தெரியாது, தினமும் போகிறவர் மூக்கு மரத்தும் போயிருக்கும். கோழி உயரத்துக்குக் குந்தி ஒரு நிமிடம் இருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழியின் கண் ஏற்கெனவே புண்ணாகத் தொடங்கியிருக்கும். கண்ணை மூடி மூடித் திறக்கும், சிறகில் தேய்த்துக்கொள்ளும், ஓரத்தில் நுரை கட்டும். தண்ணீர்க் குடுவையடியில் ஈரமான கூளத்தை அள்ளி எடுத்துவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். மற்றதை வாரம் இரண்டு முறை கிளறுங்கள். ஈரத்துக்குச் சுண்ணாம்பு தூவும் வழக்கம் நிலைமையை மோசமாக்கும். காரத்தன்மை ஏறினால் அமோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும், தூளும் கண்ணில் விழும்.

அரிசிக் குருணையை மட்டும் தின்று வளரும் கோழிக்கு வைட்டமின் ஏ குறையும். இமை ஒட்டி, உள்ளே தயிர்க்கட்டி போல வெள்ளையாகச் சேரும். மஞ்சள் மக்காச்சோளமும் முருங்கைக்கீரையும் தீவனத்தில் சேர்த்தால் வராமல் தடுக்கலாம். வந்தபின் மருத்துவர் தரும் வைட்டமின் சொட்டுதான் வழி. அம்மையில் இமையில் கொப்புளம் வந்து மூடிக்கொள்ளும், கண் தெரியாத கோழி பட்டினியால்தான் சாகும். அதைத் தனியாக வைத்துத் தண்ணீரிலும் தீவனத்திலும் அலகை நனைத்துக் காட்டி ஊட்டினால் பல பிழைத்துக்கொள்ளும். கருவிழி வளையம் சாம்பல் நிறமாகி, கண்பாப்பா வட்டமாக இல்லாமல் ஓரம் பிசிறினாற்போல் இருந்தால் மாரெக் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான். அடுத்த தொகுதிக் குஞ்சு வாங்கும்போது அது போடப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

பல்புகளை மாதம் இரண்டு முறை, அணைத்து ஆறிய பின், காய்ந்த துணியால் துடையுங்கள். கூளத் தூசி படிந்தால் பத்து லக்ஸ் இருந்த மூலை ஐந்துக்கு இறங்கியிருக்கும். துடைத்த பிறகு அதே இடங்களில் அளந்து பழைய தாளில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.